போர்வெல் தண்ணீர் உப்பு கரிப்பது ஏன்? மயிலாப்பூர், தி.நகர், அடையாறுக்கு ஒரு தண்ணீர் கணக்கு

சென்னை:
கோடை வந்தாலே தென்சென்னையில் இரண்டு புகார்தான். ஒன்று, போர்வெல்லில் தண்ணீர் ஏறவில்லை. இரண்டு, வருகிற கொஞ்ச தண்ணீரும் உப்பு கரிக்கிறது.

நிலத்தடி நீர் என்பது பேங்க் கணக்கு மாதிரி. மழை போடுகிறது, மோட்டார் எடுக்கிறது. வரவை விட செலவு கூடினால் வந்தது வினை.

அளப்பது எப்படி?

பருவமழைக்கு முன்பு கண்காணிப்பு கிணறுகளில் நீர்மட்டத்தை அதிகாரிகள் அளப்பார்கள். மழை முடிந்ததும் மறுபடி அளப்பார்கள். எத்தனை அடி ஏறியதோ, அதை வைத்து பூமிக்குள் இறங்கிய தண்ணீர் கணக்கிடப்படுகிறது.

அந்த வரவில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பான பகுதி. 100 சதவீதத்தை தாண்டினால் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பகுதி. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2022-ம் ஆண்டு மதிப்பீட்டில் சென்னை இந்த கடைசி பட்டியலில்தான் இருந்தது.

ஒரு கிரவுண்டு கணக்கு

ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. சென்னையில் ஆண்டுக்கு சராசரியாக சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. அப்படியானால் ஒரு கிரவுண்டில் விழுவது சுமார் 3 லட்சத்து 12 ஆயிரம் லிட்டர்.

ஆனால் கிழக்கு கடற்கரை மண்ணில் தானாக உள்ளே இறங்குவது சுமார் 16 சதவீதம் என்றுதான் அரசு கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது 50 ஆயிரம் லிட்டர். அதுவும் மண் தரையாக இருந்தால்தான். சிமெண்ட் போட்டு மூடிவிட்டால் அதுவும் கிடையாது.

அதே இடத்தில் 8 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 135 லிட்டர் வீதம் தினமும் 4,320 லிட்டர் வேண்டும். அந்த 50 ஆயிரம் லிட்டர் 12 நாளைக்குக்கூட தாங்காது.

மாடியிலும் வாசலிலும் விழும் மழையில் 80 சதவீதத்தை பூமிக்குள் இறக்கினால்? சுமார் 2 மாதத்துக்கு வரும். ஆக, போர்வெல்லை மட்டும் நம்பி வருஷம் முழுக்க குடித்தனம் நடத்த முடியாது.

கடல் காத்திருக்கிறது

மயிலாப்பூர், அடையாறு, பெசன்ட் நகர் எல்லாம் கடலோர மணல் பகுதிகள். இங்கே நல்ல தண்ணீர் கனமான உப்புத் தண்ணீர் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 அடி குறைந்தால், காலப்போக்கில் கீழே உப்பு நீர் 40 அடி வரை மேலேறலாம் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு.

அடுக்குமாடிக்காரர்கள் ஆழமாக போர் போட்டு ராத்திரி பகலாக உறிஞ்சினால், பக்கத்து குப்பத்து அடிபம்பிலும் உப்பு வரும். மேலே காம்பவுண்டு சுவர் இருக்கலாம், பூமிக்கு கீழே சுவர் ஏது? லாரி தண்ணீர் வாங்க காசு இல்லாதவர்களுக்குத்தான் முதல் அடி.

தி.நகர் கதை வேறு. 1920-களில் ஏரியை தூர்த்து உருவான ஊர் அது. களிமண் இருக்கிற இடத்தில் சின்ன குழி தோண்டினால் மழைநீர் அங்கேயே தேங்கி நிற்கும். களிமண்ணை தாண்டி மணல் வரை கிணறு இறக்கினால்தான் பலன்.

2003 பாடம்

2003-ம் ஆண்டு எல்லா கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பை தமிழக அரசு கட்டாயமாக்கியது. அதன்பிறகு பெய்த மழையில் பல இடங்களில் கிணறுகள் ஊறின, உப்பும் குறைந்தது. ஆனால் பல வீடுகளில் அப்போது போட்ட குழாயோடு சரி, குழியை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. 2019 கோடையில் புழல், பூண்டி, சோழவரம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது நகரமே குடத்தோடு தெருவுக்கு வந்தது.

அக்டோபரில் வடகிழக்கு பருவமழை தொடங்கும். அதற்குள் மாடியை பெருக்கி, குழாய் அடைப்பை எடுத்து, சேகரிப்பு குழியில் படிந்த சேறை அள்ளிவிட வேண்டும். ஒரு நாள் வேலைதான். வாடகைக்கு இருப்பவர்கள் ஹவுஸ் ஓனரிடம் இதை தைரியமாக கேட்கலாம்.