நிலையத்திலிருந்து இல்லம் வரை

டில்லியில் 2002 டிசம்பரில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. ஆயினும், ரயில் நம்மை நிலையத்தில் இறக்கிவிடுமேயன்றி வீட்டு வாயில்வரை வருவதில்லை. அவ்விடைவெளியை நிரப்ப வந்ததே மின்கல ரிக்ஷா. நால்வரை ஏற்றி, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்படாது செல்லும் இவ்வண்டிக்கு 2015-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் இடமளித்தது. கைப்பேசிச் செயலியால் அழைக்கும் வண்டிகளும் பின்னர்ப் பெருகின. பலவகை ஊர்திகளுக்கும் ஒரே அட்டை என்னும் நோக்குடன் தேசியப் பொதுப் பயண அட்டை 2019 மார்ச்சில் வெளிவந்தது.

ஆனால், அட்டையும் செயலியும் இல்லாத கூலித் தொழிலாளி என் செய்வார்? அவரிடம் ரொக்கம் பெறவும், நிலைய வாயிலில் வண்டிகளுக்கு இடம் ஒதுக்கவும், பேருந்து எட்டாத குடியிருப்புகளுக்கு அவற்றைச் செலுத்தவும் வழிசெய்தல் வேண்டும். புதிய ஊர்தி பேருந்துக்குத் துணையாதல் நன்று, போட்டியாதல் தீது. வழியின்றி நடப்பவரை முன்னிறுத்தித் திட்டமிட்டால், நாம் அனைவரும் வீடு சேர்வோம்.