வாய் திறக்காத ஏஜென்ட்

சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள பிங் அனுப்பினால் போதும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒரு விடியற்காலையில் அந்த நினைப்பு போயிற்று. பிங்குக்கு ஒழுங்காகப் பதில் வந்துகொண்டிருந்தது. உள்ளே லாக் ஃபைல் பெருத்து, டிஸ்க் நிரம்பி, எழுத இடமில்லாமல் டேட்டாபேஸ் நின்றிருந்தது. வாசலில் நின்று கூப்பிட்டால் குரல் வருகிறது. அடுப்படியில் என்ன நடக்கிறது என்று சொல்ல வீட்டுக்குள்ளேயே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஏஜென்ட்.

சர்வரின் பின்னணியில் ஓடும் சின்ன புரோகிராம் அது. டிஸ்க்கில் மிச்சம் எவ்வளவு, மெமரி எவ்வளவு, நெட்வொர்க் கார்டு வழியே எத்தனை பைட் போயிற்று என்று கண்காணிப்பு மென்பொருள் கேட்கக் கேட்கச் சொல்லும். இருவரும் பேசிக்கொள்ளும் முறைகளில் மூத்தது எஸ்.என்.எம்.பி. 1988-ல், விரிவான வேறொன்று வரும்வரை இது போதும் என்று வகுத்தார்கள். எளிமையாக இருந்ததால் இதுவே நிலைத்துவிட்டது. ரவுட்டர், பிரிண்டர், யு.பி.எஸ் வரை இன்றும் இதைப் பேசுகின்றன.

கேள்விகள் எல்லாமே எண்கள். உதாரணம்: 1.3.6.1.2.1.1.3.0. மாவட்டம், வட்டம், ஊர், தெரு என்று முகவரி இறங்குவது போல ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு படி இறங்குகிறது. அந்த 6, அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கிய கிளை. இணையம் பிறந்த இடத்தின் தடம் இன்னும் அழியவில்லை. கடைசி 0-க்கு முன்னால் வரும் 3, ‘ஓடத் தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று?’ என்ற கேள்வி. பதில் நொடியின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் வரும். ஒரு முழு நாளுக்கு 86,40,000.

இங்கே பலர் ஏமாறுகிறார்கள். லினக்ஸில் இந்த எண் சொல்வது ஏஜென்ட் ஓடிய நேரத்தை. ஏஜென்ட்டை மட்டும் ரீஸ்டார்ட் செய்தாலும் அது பூஜ்யமாகிவிடும். சர்வரே விழுந்து எழுந்தது என்று பதறுவோம். இயந்திரத்தின் நேரம் வேண்டுமானால் 1.3.6.1.2.1.25.1.1.0-ஐக் கேட்க வேண்டும். அதுவும் 32 பிட் எண்தான் என்பதால் சுமார் 497 நாளில் நிரம்பி, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

டெபியன், உபுண்டுவில் ஏஜென்ட்டை நிறுவியதும் அது 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் காது கொடுக்கும். அதாவது, அதே இயந்திரத்துக்குள்ளிருந்து கேட்டால்தான் பதில். உள்ளே சோதித்துப் பார்த்து ‘வேலை செய்கிறதே’ என்று திருப்தியோடு எழுந்து போகிறவர்கள் நிறைய. கான்ஃபிக் ஃபைலில் முகவரியை மாற்ற வேண்டும், ஃபயர்வாலில் யு.டி.பி 161 போர்ட்டை, கண்காணிக்கும் சர்வருக்கு மட்டும் திறக்க வேண்டும். பழக்கதோஷத்தில் டி.சி.பி-யைத் திறந்தால் ஒன்றும் வராது. அதன்பிறகும் டிஸ்க் கணக்கு வராமல் போகலாம்: தொடக்க அமைப்பில் ஏஜென்ட் தன் பெயர், ஊர் போன்ற மேலோட்டமான விவரங்களைத்தான் வெளியே சொல்லும். எந்தக் கிளைவரை காட்டலாம் என்பதையும் நாம்தான் எழுதித்தர வேண்டும்.

என்னை அதிகம் படுத்தியது ஏஜென்ட்டின் மௌனம். எஸ்.என்.எம்.பி-யின் பழைய பதிப்புகளில் ‘கம்யூனிட்டி’ எனப்படும் ஒரு சொல்தான் கடவுச்சொல். அதைத் தப்பாகக் கொடுத்தால் ‘தப்பு’ என்றுகூட ஏஜென்ட் சொல்லாது, சும்மா இருந்துவிடும். ஃபயர்வால் தடுத்தாலும் அதே மௌனம், சர்வர் அணைந்திருந்தாலும் அதே மௌனம். அந்தச் சொல் மறைக்கப்படாமல் பயணிக்கிறது என்பது இன்னொரு கவலை. ‘பப்ளிக்’ என்ற தொடக்கச் சொல்லை மாற்றாமல் விடுவது வாசல் திண்ணையில் சாவியை வைப்பதற்குச் சமம். 2002-ல் முழுத் தரநிலையான மூன்றாம் பதிப்பில் பயனர் பெயரும் குறியாக்கமும் உண்டு. புதிதாக அமைப்பவர்கள் தயங்காமல் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும், கண்காணிக்கும் சர்வரிலிருந்தே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிறகு ஏஜென்ட்டை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, எச்சரிக்கை உங்கள் போனுக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து வையுங்கள்.