மோட்டார் வண்டியின் வால்வு மூடியில் எண்ணெய்க் கசிவு: அறிகுறிகளும் பரிகாரமும்

சிதறால் மலையடிவாரத்தில் ரப்பரும் வாழையும் மரச்சீனியும் பயிரிடும் குடியானவர்களுக்கு ஜீப்பும் காரும் இக்காலத்தில் இன்றியமையாத விவசாய உபகரணங்களாகிவிட்டன. ரப்பர் ஷீட்டும் வாழைக்குலையும் மார்த்தாண்டம் சந்தைக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் இவ்வண்டிகளின் மூலமே. பாரத்துடன் மேட்டுப் பாதையில் தாழ்ந்த கியரில் ஏறும் எஞ்சின் மிகுதியாகச் சூடேறும். அச்சமயத்தில் வெளிப்படும் கோளாறுகளுள் ஒன்று வால்வு மூடியின் எண்ணெய்க் கசிவாகும். இதை அற்பமென்று விட்டுவிடுதல் தகாது.

மூடியின் அமைப்பு

எஞ்சினின் தலைப்பாகத்தில் வால்வுகளைத் திறந்து மூடும் உறுப்புகள் உள்ளன. அவை எந்நேரமும் எண்ணெயில் நனைந்திருக்க வேண்டும். அவ்வெண்ணெய் வெளியே சிந்தாமலும், தூசி உள்ளே புகாமலும் காப்பதே வால்வு மூடி. பட்டறைகளில் இதை டேப்பட் கவர் என்பர். மூடிக்கும் தலைக்கும் இடையில் வைக்கப்படும் பாக்கிங்கே கசிவைத் தடுப்பது. 1959-ஆம் ஆண்டில் அம்பாஸடர் காருக்கு 1,489 கன சென்டிமீட்டர் அளவுள்ள மேல்வால்வு எஞ்சின் பொருத்தப்பட்டது. அதன் மூடியை இரண்டே நட்டுகள் பிடித்திருக்கும், பாக்கிங் தக்கையினாலானது. பிற்கால எஞ்சின்களில் வார்ப்பு ரப்பர் பாக்கிங் உபயோகமாகிறது.

கசிவின் காரணங்கள்

1. பல்லாண்டு வெப்பத்தால் பாக்கிங் இறுகி, வெடித்து, நெகிழ்ச்சியை இழத்தல்.
2. கசிவை நிறுத்துவதாக எண்ணி நட்டுகளை அளவுக்கு மீறி முறுக்குதல். இதனால் தகட்டு மூடி வளையும். தக்கை நசுங்கிப் பிதுங்கும். கசிவு முன்னிலும் அதிகமாகும்.
3. எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைபடுதல். பிஸ்டனைக் கடந்து கீழிறங்கும் வாயு வெளியேற வழியின்றி அழுத்தம் மிகுந்து, எண்ணெயைப் பாக்கிங்கின் வழியே தள்ளும்.

அறிந்துகொள்ளும் விதம்

எண்ணெய் மேலிருந்து கீழே வழியும் இயல்புடையது. எனவே சொட்டும் இடத்தைக் கண்டு தீர்மானிக்கலாகாது; நனைந்த பாகங்களில் மிக உயர்ந்தது எதுவோ, அதுவே கசிவின் பிறப்பிடம். எஞ்சினைத் துடைத்துச் சுத்தம் செய்து, சிறிது தூரம் ஓட்டிய பின் நோக்கினால் உண்மை புலப்படும். இச்சோதனையைச் செய்யாமல் எஞ்சின் தலையையே கழற்றி வீண் செலவு செய்வோர் பலர். கசியும் எண்ணெய் சூடான புகைக்குழாயின் மீது விழுந்தால் புகை எழும், தீப்பற்றவும் கூடும். எண்ணெய் மட்டம் மிகவும் தாழ்ந்தால் எஞ்சினே இறுகி நின்றுவிடும். சில நூறு ரூபாயில் தீரக்கூடிய பழுது பல்லாயிரம் ரூபாய் நஷ்டமாக முடிவது இவ்விதமே.

பழுதுபார்க்கும் முறை

எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகே வேலையைத் தொடங்குக. பாட்டரியின் இணைப்பை முதலில் நீக்குக. மூடியின் சுற்றுப்புறத்தை நன்கு துடைத்து, குறுக்கிடும் வயர்களுக்கும் குழாய்களுக்கும் அடையாளமிட்டுக் கழற்றுக. நட்டுகளை நீக்கிய பின் மூடி ஒட்டிக்கொண்டிருந்தால் மரச்சுத்தியால் மெல்லத் தட்டுக. திருப்புளியை நுழைத்து நெம்பினால் தலையின் பரப்பில் கீறல் விழும். பழைய பாக்கிங்கின் துணுக்குகளைச் சுரண்டும்போது அவை எஞ்சினுள் விழாதபடி சுத்தமான துணியால் மறைத்து, வேலை முடிந்ததும் அத்துணியைத் தவறாது எடுத்துவிடுக.

மூடியை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, சமமான கண்ணாடிப் பலகையின் மீது கவிழ்த்து வைத்துப் பார்க்க வேண்டும். ஒளி புகும் இடைவெளி இருப்பின் மூடி வளைந்துள்ளது எனக் கொள்க. தகட்டு மூடியாயின் தட்டிச் சீராக்கலாம். வெடித்த பிளாஸ்டிக் மூடியை மாற்றுவதே சிலாக்கியம். புதிய பாக்கிங்கைப் பள்ளத்தில் சரியாகப் பதித்து, நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி இரண்டு சுற்றாகச் சிறிது சிறிதாக முறுக்குக. ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 8 முதல் 12 நியூட்டன் மீட்டர் முறுக்கே போதும். எனினும் வண்டியின் கைப்புத்தகம் கூறும் அளவே பிரமாணம். சிலிக்கான் பசையையும் அப்புத்தகம் குறிக்கும் மூலைகளில் மட்டும் இடுக. மிகுதியான பசை உள்ளே உதிர்ந்து எண்ணெய் வழிகளை அடைக்கும்.

ரப்பர் விளைவிப்போர் கவனத்திற்கு

தோட்டத்தில் கிடைக்கும் ரப்பர் ஷீட்டையோ பழைய சைக்கிள் ட்யூபையோ வெட்டிப் பாக்கிங்காக வைக்கும் வழக்கம் தவறானது. மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் ரப்பர் டயருக்கு மிகச் சிறந்ததாயினும், எஞ்சின் எண்ணெய் பட்டால் ஊதி மென்மையாகி உருக்குலையும். எண்ணெயைத் தாங்குவது நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரே. ஆகையால் அந்தந்த எஞ்சினுக்கென விற்கப்படும் பாக்கிங்கையே வாங்குதல் வேண்டும்.

முடிவாக

வேலை முடிந்ததும் எண்ணெய் மட்டத்தைப் பார்த்து, எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும். புதிய பாக்கிங்கும் விரைவில் கசிந்தால் மூச்சுக்குழாயையும் பிஸ்டன் வளையங்களையும் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுக. இவ்விதிகள் டிராக்டருக்கும் பம்பு எஞ்சினுக்கும் பொருந்தும்.

பழைய எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டலாகாது. அது 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்கு உட்பட்டது. மண்ணையும் குடிநீரையும் கெடுக்க வல்லது. இதனைக் கிராம அதிகாரிகள் தம் எல்லைக்குட்பட்ட குடிகளுக்கு எடுத்துரைப்பது பெரிதும் நன்மை பயக்கும்.