மறதிக்கு முன்பே மாறும் ரத்த ஓட்டம்

டிமென்ஷியா சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருகிறது. நெற்றிப்பகுதி மூளையைத் தாக்கும் ஒரு வகையில், குறிப்பிட்ட மரபணுப் பிழை பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் பிள்ளைக்கு அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதில் முதலில் போவது ஞாபகம் அல்ல. குணம் மாறும், பேச்சு தடுமாறும்.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் நடக்கும் 'ஜென்ஃபி' ஆய்வில் இந்தக் குடும்பத்தினர் தாமாக முன்வந்து ஸ்கேனுக்குள் படுக்கிறார்கள். அந்த மரபணு தனக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமலேயே பங்கெடுப்பவர்கள் உண்டு. அந்தத் துணிவை எண்ணி வியக்கிறேன்.

அவர்களுக்கு எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் வியப்புக்குரியதுதான். ஊசி இல்லை, சாயம் இல்லை, கதிர்வீச்சு இல்லை. கழுத்தில் ஏறும் ரத்தத்திலுள்ள நீரின் காந்தத் தன்மையை ரேடியோ அலையால் புரட்டிவிடுகிறார்கள். அந்த நீர் மூளையை அடைய ஏறக்குறைய இரண்டு விநாடி. அது வந்து சேர்ந்ததும் ஒரு படம். பிறகு, புரட்டாத ரத்தத்தோடு இன்னொரு படம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சதவீதம் அளவுதான். ஆனாலும் அதிலிருந்தே எந்தப் பகுதிக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று கணக்கிட்டுவிடலாம்.

அப்படிக் கணக்கிட்டு 2019-இல் வெளியிட்ட முடிவு இது: நோய் தொடங்கக்கூடிய வயதுக்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே, மரபணுப் பிழை உள்ளவர்களின் மூளையில் ரத்த ஓட்டம் மற்ற உறவினர்களைவிடக் குறையத் தொடங்கியிருந்தது. அவர்களிடம் அப்போது நோயின் அறிகுறி எதுவும் இல்லை.

அல்சைமர் நோயிலும் ரத்தக்குழாய்கள் முன்கூட்டியே சிக்கலைக் காட்டுகின்றன. அந்நோயின் ஆபத்தைக் கூட்டும் 'ஏபிஓஇ-4' மரபணு உள்ளவர்களைத் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் 2020-இல் ஆராய்ந்தார்கள். நினைவாற்றல் நன்றாக இருந்தவர்களுக்குக்கூட, ஞாபகத்தைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் நுண்குழாய்ச் சுவர்கள் கசிந்தன. அந்தக் குழாய்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு 'பெரிசைட்' என்ற செல்கள் இருக்கின்றன. ஓட்டத்தைச் சீராக்கவும் கசிவைத் தடுக்கவும் உதவுபவை அவை. அவை சேதமடைவதன் தடயமும் அந்த ஆய்வில் கிடைத்தது.

ஏபிஓஇ-4 இருக்கும் எல்லோருக்கும் அல்சைமர் வருவதில்லை. மரபணுவை மாற்ற முடியாவிட்டாலும் ரத்தக்குழாயைப் பேண முடியும். அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 9,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த சோதனையில், ரத்த அழுத்தத்தின் மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவில், 140-ஐ இலக்காக வைத்த குழுவைவிட லேசான அறிவாற்றல் குறைபாடு 19 சதவீதம் குறைவாக இருந்தது.

உங்கள் குடும்பத்தில் யாருக்காவது டிமென்ஷியா இருந்தால், பயந்துபோய் மரபணுப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். முதலில் பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள்.