ராத்திரிப் பாலை அப்பா புகட்டலாமா?

தாராளமாக. ஆனால் அந்த வேளைக்கு அம்மாவும் பாலை எடுத்துவிட வேண்டும். ஏன்? மார்பில் பால் தேங்கினால், சுரப்பைக் குறைக்கும் வேலை அங்கேயே தொடங்கிவிடும். எடுக்க எடுக்கத்தான் ஊறும். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். அதனால் முதல் சில வாரங்களில் இரவுப் பாலை அடியோடு விடக்கூடாது.

பம்பு இல்லையா? கையே போதும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருவளையத்துக்குச் சற்று வெளியே இருக்கும்படி பிடித்து, நெஞ்சுப் பக்கம் அழுத்திப் பிறகு அமுக்க வேண்டும். காம்பை இழுத்தால் வலிதான் மிச்சம். முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பாலை வெளியே தள்ளும் ஆக்ஸிடோசின் சுரந்ததும் பீய்ச்சும். ஆரம்பத்தில் கொஞ்சமாக வருகிறதே என்று எந்தத் தாயும் மனம் தளர வேண்டியதில்லை.

எடுத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலுக்கு உடனே ஃபிரிட்ஜில் வைப்பதே நல்லது. கதவில் வேண்டாம், உள்ளே தள்ளி வைத்தால் 4 நாள். மேலே கொழுப்பு பிரிந்து மிதந்தால் கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை. மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் கூடாது: அங்கங்கே கொதித்து, பிஞ்சு வாயைச் சுட்டுவிடும்.

புகட்டப் பாலாடை (மூக்கு வைத்த சிறு கிண்ணம்) நல்லது. குழந்தையைச் சற்று நிமிர்த்தி, பாலாடையைக் கீழுதட்டில் வைத்தால் தானே உறிஞ்சும். வாயில் ஊற்றினால் புரை ஏறும். குடித்தது போக மீந்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.