குட்டி யானைக்கு எவ்வளவு தீனி?

ஆபீஸில் இன்க்ரிமென்ட் வராத வருஷம் நம் இளைஞர்களுக்கு இரண்டு யோசனைகள் வரும். ஒன்று, ஊருக்குப் போய் ஆடு வளர்க்கலாம். இரண்டு, ஒரு லோடு வண்டி வாங்கி விடலாம். ஆட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பிரியாணியில் பார்த்த பழக்கம்தான். வண்டியைப் பற்றி மட்டும் நோட்டும் பேனாவுமாக ஒரு மாசம் அலைந்திருக்கிறேன். உபயம்: என் மச்சினன்.

பயல் ஒரு தனியார் கம்பெனியில் பில் போடுகிறான். சம்பளம் 22 ஆயிரம். "மாமா, வேலையை விட்டுட்டு பிக்கப் எடுக்கலாம்னு இருக்கேன். முன்பணம் 2 லட்சம். அக்கா நகையை மட்டும் கொஞ்சம்..." என்றான். அவனுடைய அக்கா என்பவர் என் மனைவி. ஆகவே விஷயம் எனக்கு உடனே முக்கியமாகி விட்டது. பி.காம். படித்ததற்கு இதுவரை இன்னொருவர் கணக்கைத்தான் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை சொந்தக் கணக்கு.

ஆசை நியாயமானதுதான். 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அதன் எஞ்சின் சுமார் 700 சி.சி., இரண்டே சிலிண்டர், 16 குதிரை சக்தி. முக்கால் டன் சுமந்துகொண்டு, லாரி நுழையாத சந்தில் எல்லாம் நுழைந்தது. வடக்கே 'சோட்டா ஹாத்தி', இங்கே 'குட்டி யானை'. 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. எத்தனையோ டிரைவர்கள் இந்த வண்டிகளால் ஓனர் ஆனார்கள். லைசென்ஸ் தொல்லையும் குறைந்திருக்கிறது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்ட கார் லைசென்ஸே போதும் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2024 நவம்பரில் அரசியல் சாசன பெஞ்சும் அதை உறுதி செய்து விட்டது.

சரி, ஓட்டலாம். ரிப்பேர் வந்தால்? அம்பத்தூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் ஒருவர் இருக்கிறார். மச்சினனை அழைத்துக்கொண்டு போனேன்.

"வண்டி ஒரே நாள்ல படுக்காது சார். ஒரு மாசம் இருமிட்டுத்தான் படுக்கும். இருமல் சத்தம் தெரிஞ்சவன் பொழைச்சுக்குவான்" என்றார் பாய். அவர் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன். உங்களுக்கும் உதவும்.

சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்று மட்டும் சத்தம் வருகிறதா? உடனே புது பாட்டரி வாங்க ஓடாதீர்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா பாருங்கள். சுத்தம் செய்து இறுக்கினால் பாதி கேஸ் தீர்ந்தது. அதன் பிறகும் தகராறு என்றால்தான் பாட்டரி, செல்ஃப் மோட்டார் பக்கம் போக வேண்டும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லையா? டீசல் வண்டியில் டாங்க் காலியாகி நின்றிருந்தால் லைனில் காற்று புகுந்திருக்கும். டீசல் ஊற்றினால் மட்டும் போதாது, கை பம்ப்பை அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். "கடைசி சொட்டு வரைக்கும் ஓட்டறது சிக்கனம் இல்ல தம்பி, வம்பு" என்று மச்சினனைப் பார்த்துச் சொன்னார். பைக்கை எப்போதும் ரிசர்வில் ஓட்டுகிறவன் அவன். தலையைக் குனிந்துகொண்டான்.

டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா? ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு கூலன்ட் அளவு, ஹோஸ் ஒழுகல், ஃபேன், பெல்ட் என்று வரிசையாகப் பாருங்கள். பல வண்டிகளில் ஒரே பெல்ட் வாட்டர் பம்ப்பையும் ஆல்டர்னேட்டரையும் சேர்த்துச் சுற்றும். முள்ளும் ஏறி, பாட்டரி விளக்கும் எரிந்தால் முதல் சந்தேகம் பெல்ட் மேல்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் புகையைப் பார்க்க வேண்டும். கறுப்பு என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டரில் தொடங்குங்கள். நீலம் என்றால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. பர்ஸை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். வெள்ளை, காலையில் கொஞ்ச நேரம் வந்து மறைந்தால் பயமில்லை. நிற்காமல் வந்து கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். விற்கிறவர் வண்டியைச் சூடாக்கி வைத்துக் காத்திருந்தால், "நாளைக்குக் காலையில வரேன்" என்று திரும்பி விடுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக் குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. நல்ல சூட்டில் ஓடினால்தான் அந்தக் கரி எரியும். தினமும் இரண்டு கிலோமீட்டர் போய் நின்று, போய் நின்று வந்தால் அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டாமல், கையேட்டில் சொன்னபடி செய்யுங்கள்.

டயர் ஒரு ஜாதகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் சரியில்லை. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. "பெடல் மேலயே கால வெச்சுக்கிட்டு ஓட்டினா பிளேட்டுக்கு நீங்கதான் எமன்" என்றார் பாய். பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் மட்டும் எந்தக் கணக்கும் போடாதீர்கள். வண்டியை எடுக்கவே கூடாது.

வீட்டுக்கு வந்து கணக்குக்கு உட்கார்ந்தோம். கீழே இருப்பது நாங்கள் வைத்துக்கொண்ட தொகைகள். உங்கள் ஊர், உங்கள் வண்டிக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

வண்டி ஆன்ரோடு 10 லட்சம். முன்பணம் போக கடன் 8 லட்சம், 11 சதவீத வட்டி, 5 வருஷம். மாதத் தவணை ஏறக்குறைய 17,400. இன்ஷூரன்ஸ் மாதத்துக்கு 3,000. (7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டுமே 2022 அறிவிப்பின்படி வருஷம் 16,049 ரூபாய்.) வரி, எஃப்.சி. வகையில் 600. ஆக மொத்தம் 21 ஆயிரம். மாதம் 25 நாள் ஓடினால், வண்டி அசையாமல் நின்றாலும் தினம் 840 ரூபாய் தின்னும்.

அசைந்தால்? லிட்டர் 93 ரூபாய், மைலேஜ் 12 என்றால் கிலோமீட்டருக்கு டீசல் 7 ரூபாய் 75 பைசா. 24 ஆயிரம் ரூபாய் டயர் செட் 40 ஆயிரம் கி.மீ. ஓடினால் 60 பைசா. 10 ஆயிரம் கி.மீ.க்கு ஒருமுறை 6 ஆயிரத்துக்கு சர்வீஸ் என்றால் இன்னொரு 60 பைசா. பிரேக், கிளட்ச், பாட்டரி, ஸ்பிரிங் பட்டை எல்லாவற்றுக்கும் 1 ரூபாய் 5 பைசா ஒதுக்கினோம். கூட்டினால் கச்சிதமாகப் பத்து ரூபாய்.

கோயம்பேட்டிலிருந்து தாம்பரத்துக்கு ஒரு லோடு, வாடகை 1,500. மச்சினன் முகத்தில் ஆயிரம் வாட்ஸ். "ஓடறது 25 கிலோமீட்டர்தான் மாமா, 250 ரூபாய் போக மிச்சம் லாபம்!"

"வீட்லேர்ந்து கோயம்பேட்டுக்கு யார் தள்ளிட்டு வருவா? தாம்பரத்துலேர்ந்து காலியா யார் திரும்புவா?" என்றேன். எல்லாம் சேர்த்து 60 கிலோமீட்டர், 600 ரூபாய். மிச்சம் 900. அன்றைய நிரந்தரச் செலவு 840 போனால் கையில் நிற்பது 60 ரூபாய். ஒரு டீ, இரண்டு வடை, சில்லறை.

"தினம் ரெண்டு டிரிப் அடிச்சா?" அடிக்கலாம். இரண்டாவது லோடும் அதே தூரம், அதே வாடகை என்றால் இன்னொரு 900 சேரும். கையில் 960. ஆனால் வேறொருவர் வண்டியை ஓட்டினாலே 800 ரூபாய் சம்பளம் கிடைக்கிறது என்றால், 960-ல் 160தான் முதலாளியின் பங்கு. மீதி டிரைவர் கூலி. இந்த வித்தியாசம் புரியாமல்தான் பலர் சம்பளத்தை லாபம் என்று நினைத்துச் செலவு செய்து, டயர் மாற்றும் மாசம் அடகுக் கடையில் நிற்கிறார்கள்.

லாபம் ரிட்டர்ன் லோடில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து திரும்பும்போது 700 ரூபாய்க்கு ஒரு சரக்கு கிடைத்தால், சுற்றி எடுக்க 10 கிலோமீட்டர் கூடினாலும் 600 ரூபாய் மிச்சம். ஆக, வண்டி வாங்குமுன் வாங்க வேண்டியது இரண்டு கஸ்டமரை. போகிற திசையில் ஒருவர், வருகிற திசையில் ஒருவர். சீக்கிரம் சம்பாதிக்க ஓவர்லோடு ஏற்றலாம் என்ற யோசனையும் வேண்டாம். ஸ்பிரிங், டயர், பிரேக் மூன்றும் முறையிடும். 2019 திருத்தச் சட்டப்படி அபராதம் 20 ஆயிரத்தில்தான் ஆரம்பம், கூடுதல் டன்னுக்கு 2 ஆயிரம் தனி.

மச்சினன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே ஒரு வழி சொன்னான். வேலையை விடாமல், ஞாயிறும் லீவு நாளும் தெரிந்தவர் ஒருவரின் வண்டியைக் கூலிக்கு ஓட்டுகிறான். பாக்கெட்டில் ஒரு நோட்டு. கிலோமீட்டர், டீசல், வாடகை, காலியாகத் திரும்பிய தூரம் என்று நான்கு பத்திகள். ஆறு மாசம் எழுதிவிட்டு, நான்காவது பத்தி சுருங்கியிருந்தால் வாங்குவான். அதுவரை நகை பீரோவில்.

நீங்களும் யோசனையில் இருந்தால் ஷோரூமுக்குப் போகுமுன் ஒரு நோட்டு வாங்குங்கள். நாற்பது ரூபாய்தான். தவணை கிடையாது, எஃப்.சி. கிடையாது, டீசல் குடிக்காது.