மண்ணைக் காக்கும் என்ஜினீயரிங்



டிப்ளமோ முடிச்சதும் எங்கே வேலை? "கும்மிடிப்பூண்டி சிப்காட், இல்லாட்டி திருவள்ளூர் பக்கம் ஒரு கம்பெனி" என்பதுதான் நம்மில் பலருடைய பதில். தப்பில்லை. ஆனால் நாம் படிக்கிற அதே லெவலிங்கையும் சிமெண்டையும் நீராவியையும் வைத்து, செத்துப்போன நிலத்துக்கு உயிர் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இல்லை, விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே உள்ள ஆரோவில்லில்!

முதலில் வரப்பு, பிறகு மரம்

1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரு கலசத்தில் போட்டார்கள். அந்த ஊரின் சொந்த மண்ணோ கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது! மரங்கள் அழிந்து மொட்டையாகிப் போன செம்மண் மேடு அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல்மண் கரைந்து, நிலத்தை ஓடை ஓடையாக அறுத்துக்கொண்டு வங்கக் கடலில் கலந்தது.

பல நாடுகளிலிருந்து வந்தவர்களும் சுற்றுக் கிராமத்து மக்களும் சேர்ந்து முதலில் செய்தது வரப்பு போடும் வேலைதான். வரப்பு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் தாழ்ந்தாலும் தண்ணீர் அங்கே சேர்ந்து உடைத்துக்கொண்டு போய்விடும். சர்வே வகுப்பில் கான்டூர் கோடு எதுக்குன்னு கேட்போமே, இதுக்குத்தான்! ஓடைகளுக்குக் குறுக்கே தடுப்பணை கட்டினார்கள். ஓடிய தண்ணீர் நின்றது. நின்ற தண்ணீர் உள்ளே இறங்கியது.

அதன் பிறகே மரம். வறண்ட மண்ணிலும் பிழைக்கும் ஆஸ்திரேலிய அகேசியா முதலில் நிழலும் சருகும் தந்தது. அந்த நிழலில் கருங்காலி, பாலை போன்ற நம் மண்ணின் மரங்கள் வளர்ந்தன. கடலோரத்துக்கே உரிய இந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம், நம்ம பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவிலும் இருக்கிறது.

சூளை இல்லாத கல்

வீடு கட்டவும் அதே செம்மண்தான். 1989-ல் தொடங்கிய ஆரோவில் மண் கட்டடக்கலை நிலையம், சலித்த மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, கையால் இயக்கும் பிரஸ்ஸில் அழுத்திக் கல் செய்கிறது. நான்கு வாரம் ஈரம் காய விடாமல் வைத்தால் போதும். சூளையும் இல்லை, விறகும் இல்லை. நம்ம மாவட்டத்துச் செங்கல் சூளைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆனால் எல்லா மண்ணும் ஆகாது. களியும் மணலும் எவ்வளவு என்று டெஸ்ட் பண்ணிய பிறகே கலவை!

வெயிலில் வேகும் சோறு

அங்குள்ள பொதுச் சமையல்கூடத்தின் கூரை மேல் 15 மீட்டர் விட்டத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் உள்ளது. கிண்ணம் அசையாது, சூரியன் நகர நகர, வெப்பத்தை வாங்கும் குழாய்தான் நகரும். அந்த வெப்பத்தில் உண்டாகும் நீராவியில் சமையல். மேகம் போட்டால் டீசல் பாய்லர் கைகொடுக்கும். மெக்கானிக்கல் நண்பர்கள் அவசியம் பார்க்க வேண்டிய ஒன்று.

காடா, நகரமா?

எல்லாம் சுமுகம் என்று சொல்ல முடியாது. திட்டமிட்ட வட்டச் சாலைக்காக 2021 டிசம்பரில் மரங்கள் வெட்டப்பட்டபோது, ஆரோவில்வாசிகளே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி பெறச் சொன்னது. அந்த உத்தரவை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வளர்த்த காட்டைக் காப்பதும் ஓயாத வேலைதான்.

நம்ம ஊருக்கு என்ன?

மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்தது. 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. நாளுக்கு 10 கோடி லிட்டர்! இயந்திரம் தண்ணீர் தரும். உப்பேறிய நிலத்தடியை அது மாற்றாது. அதற்கு மழை உள்ளே இறங்க வேண்டும்.

நாளை நாம் போகிற கம்பெனி வளாகத்திலும் மழைநீர் எங்காவது ஓடத்தான் செய்யும். அது எங்கே ஓடுது, எங்கே நிறுத்தலாம் என்று லெவல் பார்த்துச் சொல்ல நம்மால் முடியும். அதற்குத் தனிப் பட்டம் வேண்டாம்; கையிலிருக்கும் டிப்ளமோ போதும்.

படித்ததை மண்ணுக்கும் கொஞ்சம் கொடுப்போம்!